மஞ்சுளா படிக்காமல் போட்ட கையெழுத்து

போன வாரம் நீங்கள் மூவரும் போனை ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் பேசினீர்கள். ரிப்போர்ட்டில் ஆங்கிலப் பிழை வராமல் எழுத ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதித் தரச் சொன்னீர்கள். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது, இவளுக்கு வேறென்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பீர்கள். நியாயம்தான். ஆனால் குறிப்பு எதுவும் என்னிடம் இல்லை. நான் எழுதிய ஒரு தப்பான வாக்கியம்தான் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்கிறேன். சீசன் தொடங்குவதற்குள் படித்துவிடுங்கள். பெங்களூரா ரக மாம்பழ லாரிகள் வாசலில் வரிசை கட்டிவிட்டால் உங்களுக்குத் தலை சொறியக்கூட நேரம் இருக்காது.

ரிப்போர்ட் எழுதும் நம் அறை எப்படி நடக்கிறது என்று இந்நேரம் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். ஆலையில் எது தவறினாலும், ஒரு டப்பா உப்பிப்போனாலும், ஒரு லோடு பழம் திரும்பிப் போனாலும், அது ஆங்கிலத்தில் ஒரு ரிப்போர்ட்டாக வேண்டும். மாங்கூழை வாங்குகிறவர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள். தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களோ காரிமங்கலம் சுற்றுப்பட்டு ஆட்கள். சிலர் வீட்டில் தெலுங்கு, சிலர் வீட்டில் கன்னடம், கம்பெனிக்குள் எல்லோரும் தமிழ். அவர்கள் சொல்ல, நாம் ஆங்கிலத்தில் எழுத, கீழே அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். என் அண்ணனுக்கு இதெல்லாம் விளங்கியதே இல்லை. நான் மாம்பழம் நறுக்குகிறேன் என்றுதான் கடைசிவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்கு என் ஆங்கிலத்தின் மேல் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. தர்மபுரியில் ஆங்கில இலக்கியம் முதுகலை படித்தவள். அதியமான்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும்போது மடியில் எப்போதும் ஒரு ஆங்கில நாவல் இருக்கும். மேனேஜரே மும்பைக்கு மெயில் அனுப்புவதற்கு முன்னால், "ஏம்மா, இத ஒரு கண்ணு பாத்துடு" என்று என்னிடம் காட்டுவார். நான் ஒரு கமாவையாவது மாற்றாமல் விடமாட்டேன்.

முதல் எச்சரிக்கை எனக்குச் சிரிப்பாக வந்தது. ஒரு லோடு பழம் அழுகிப்போய் வந்திருந்தது. சூப்பர்வைசர் கோவிந்தசாமி அதைத் திருப்பி அனுப்பினார். நான் ஆங்கிலத்தில் எழுதியதை வார்த்தைக்கு வார்த்தை தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "முழுவதும் அழுகிப்போய், சூப்பர்வைசர் லோடைத் திருப்பி அனுப்பினார்." மும்பையிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் பதில் எழுதியிருந்தார்: "சூப்பர்வைசர் இப்போது நலமா?" அந்த சீசன் முழுக்க கேன்டீனில் கோவிந்தசாமியைப் பார்த்தவர்களெல்லாம், "என்னண்ணா, இன்னைக்கு நாத்தம் கொறைஞ்சிருக்குதா?" என்று கேட்டார்கள். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

இலக்கணப் புத்தகத்தில் இந்தத் தப்புக்கு ஒரு பெயர் உண்டு. தொங்கும் தொடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு செயலைச் சொல்லிவிட்டு, அது யாருடையது என்று சொல்லாமல் விட்டால், அடுத்து எந்தப் பெயர் வருகிறதோ அதன்மேல் போய் அது ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் எனக்கு இதில் முழு மதிப்பெண். அதனால்தான் அதைச் சிரித்துத் தள்ளிவிட்டேன். படித்தவளுக்கு எப்போதோ ஒரு தடவை கை தவறும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மஞ்சுளாவின் விஷயம் அதற்கு இரண்டு சீசன் கழித்து நடந்தது.

மஞ்சுளாவை உங்களுக்குத் தெரியும். இப்போது டப்பா நிரப்பும் லைனுக்கு அவர்தான் பொறுப்பு. அப்போது அவர் சீசனுக்கு மட்டும் வரும் ஒப்பந்த ஆள். சீசன் முடிந்ததும் புருஷனோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார். மகளை ஊரில் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பஸ் ஏறும்போது அந்தப் பிள்ளை அழாமல் நிற்குமாம். அழுதால்கூடப் பரவாயில்லை என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் நிரந்தரமாக்குவதற்காக மேனேஜர் எழுதி அனுப்பிய பெயர்ப் பட்டியலில் மஞ்சுளா பெயர் இருந்தது. அது மட்டும் கிடைத்துவிட்டால் வருஷம் முழுக்க மகளோடு இருக்கலாம்.

ஒருநாள் காலை ஷிப்டுக்கு அவர் மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே போயிருக்கிறார். கூழ்த் தொட்டியைக் கழுவும் தண்ணீர் வால்வு திறந்து கிடந்தது. தொட்டியில் கூழ் இருக்கும்போது அது மூடியிருக்க வேண்டும். தண்ணீர் கலந்து ஒரு தொட்டிக் கூழும் வீணாகிவிட்டது. அவர் வால்வை மூடிவிட்டு ஓடிப்போய் சூப்பர்வைசரிடம் சொன்னார். சூப்பர்வைசர் அவரை என்னிடம் அனுப்பினார்.

"என்ன நடந்துச்சு மஞ்சுளா?"

"வால்வு தெறந்து கெடந்துச்சுங்க மேடம். பாத்த ஒடனே மூடிட்டு ஓடியாந்து சொன்னேனுங்க."

"யாரு தெறந்து வெச்சது?"

"அது தெரியலைங்க."

நம் ஆட்களின் பேச்சை நீங்கள் கவனித்திருப்பீர்கள். எந்தத் தப்பும் அங்கே தானாகத்தான் நடக்கும். வால்வு திறந்து கிடக்கும், பெல்ட் அறுந்து போயிருக்கும், பழம் கீழே கொட்டிக் கிடக்கும். யார் பெயரும் வராது. பயமும் இருக்கலாம், மரியாதையும் இருக்கலாம். ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே சந்தையில் காய் வாங்குகிறவர்கள் அவர்கள். எனக்கு அது எப்போதும் எரிச்சலாக இருக்கும். செய்தவர் இல்லாமல் ஆங்கில வாக்கியம் எழுதினால் மொட்டையாக நிற்கிறதே என்று உள்ளுக்குள் பல்லைக் கடிப்பேன்.

அன்றைக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. ரிப்போர்ட்டுகள் நீளமாக இருப்பதாகச் சொல்லி மும்பையிலிருந்து புதுப் படிவம் அனுப்பியிருந்தார்கள். நடந்ததைச் சொல்ல மூன்று வரிக் கட்டம், அவ்வளவுதான். வெளியே கன்டெய்னர் காத்திருந்தது. நான் மஞ்சுளா சொன்ன இரண்டு மூன்று செய்திகளையும் அமுக்கி ஒரே வாக்கியமாக்கினேன். தமிழில் சொன்னால்: "தண்ணீர் வால்வைத் திறந்தபடி விட்டுவிட்டு, தொட்டிக் கூழ் கெட்டுப்போயிருந்ததை மஞ்சுளா காலையில் கண்டுபிடித்தார்." ஆங்கிலத்தில் அது கட்டத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம் வேறு. பேனாவை நீட்டினேன். மஞ்சுளா தன் பெயரைத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு லைனுக்கு ஓடினார். நான் அதைப் படித்துக் காட்டவில்லை. அதுவரை யாருக்கும் படித்துக் காட்டியதும் இல்லை.

நாலைந்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மஞ்சுளா ஒரு காகிதத்தோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"மேடம், மும்பைலருந்து எம்பேருக்கு வந்திருக்குதாமுங்க. இங்கிலீசுல இருக்குது. என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

பிரித்துப் படித்தேன். வால்வைத் திறந்து விட்டதை நீங்களே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். விசாரணை முடியும்வரை நிரந்தரப் பட்டியலில் அவர் பெயர் நிறுத்திவைக்கப்படுவதாகவும் எழுதியிருந்தது. நடுவில் மேற்கோள் குறிக்குள் என் வாக்கியம், ஒரு கமா மாறாமல்.

காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தேன். எதிரே அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்ல எனக்கு அந்த நிமிஷம் போதுமானதாக இருந்தது. நான் சொல்லவில்லை.

"ஒண்ணுமில்ல மஞ்சுளா. ஏதோ விளக்கம் கேட்டிருக்காங்க. நான் பாத்துக்கறேன்."

"பட்டியல்ல பேரு இருக்குதுங்களா?"

"பாத்துக்கறேன்னு சொன்னேன்ல."

அவர் நம்பிக்கையோடு போனார். நான் டிபன் பாக்ஸை மூடிவைத்தேன். இதை உங்களிடம் எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? படித்தவர்கள் செய்கிற காரியத்தைத்தான் செய்தேன். அந்த வாக்கியத்தை வேறு மாதிரியும் பொருள் கொள்ளலாம் என்று ஒன்றரைப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன். எழுதியது நான் என்பது அதில் எங்கேயும் இல்லை. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஏம்மா, இந்தப் பாடத்த மும்பைல எவன் ஒக்காந்து படிப்பான்? கையெழுத்து அந்தப் பொண்ணுது. ராத்திரி ஷிப்ட்ல எவன் தெறந்து வெச்சான்னு அந்தப் பொண்ணையே சொல்லச் சொல்லு. ஒரு பேரு குடுத்தா நான் இவ பேர விசாரணைலருந்து எடுத்துடறேன்."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. எனக்கும் அது நல்ல வழியாகத் தெரிந்தது, உண்மையைச் சொன்னால் நிம்மதியாகவே இருந்தது. நேராக லைனுக்குப் போய் மஞ்சுளாவை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் பாக்கலைங்களே மேடம்," என்றார்.

"யாரா இருக்கும்னு தோணுமில்ல? ஒரு பேரு சொல்லு, போதும். பட்டியல்ல உம்பேரு தப்பிச்சிடும்."

"தோணறதையெல்லாம் சொல்ல முடியுங்களா? எம்பேரு போவுதுன்னு இன்னொருத்தர் பேர எடுத்து வெச்சா, அவுங்க வூட்லயும் அடுப்பெரியணுமில்லீங்களா? தெறந்து கெடந்துச்சு. அதுதானுங்க நான் பாத்தது."

நான் என் மேஜைக்குத் திரும்பி வந்துவிட்டேன். அத்தனை வருஷமும் மொட்டை வாக்கியம் என்று நான் எரிச்சல்பட்டது எவ்வளவு சரியான வாக்கியம் என்று அப்போதுதான் உறைத்தது. பார்க்காத ஒன்றை ஒருவர் தலையில் கட்ட மஞ்சுளாவுக்கு மனசு வரவில்லை, அதுவும் தன் வேலையே போகும் நிலையில். நானும்தான் அதைப் பார்க்கவில்லை. ஆனாலும் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அவர் தலையிலேயே கட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் மும்பையிலிருந்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். அமைதியான அம்மா, தமிழ் தெரியாது. மேனேஜர் அறையில் உட்கார்ந்தோம். மஞ்சுளா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்க்க யாரைப் போட்டார்கள் என்கிறீர்கள்? என்னைத்தான். ஆங்கிலம் நன்றாக வரும் ஆள் ஆலையில் நான் ஒருத்திதானே.

அதிகாரி ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். "இது உன் கையெழுத்தா?"

"என்னுதுதானுங்க."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சுதான் போட்டியா?"

மஞ்சுளா அதிகாரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார்கூட.

"மேடம் எழுதுனா சரியாத்தானுங்க இருக்கும்."

இதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். எளிமையான வாக்கியம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட மொழிபெயர்த்துவிடும். எனக்கு வாய் வரவில்லை. அவர் இரண்டாம் தடவை, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார். சொன்னதைச் சொன்னேன். பிறகு நிறுத்தாமல் மீதியையும் ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டேன். அந்த வாக்கியத்தை எழுதியது நான். இவர் சொன்னது அதுவல்ல. வால்வு திறந்து கிடந்ததைப் பார்த்து மூடியவர் இவர். எழுதியதை நான் இவருக்குப் படித்துக் காட்டவே இல்லை.

மேனேஜர் கண்ணாலேயே என்னை நிறுத்தப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடினார்.

"இந்த ஒன்றைத்தான் படித்துக் காட்டவில்லையா, எல்லாமே அப்படித்தானா?"

இதுதான் உண்மையில் கடினமான கேள்வி. இந்த ஒன்று மட்டும் என்று சொன்னால் மஞ்சுளா தப்பித்துவிடுவார், நானும் ஒரு கண்டிப்போடு தப்பித்துவிடுவேன். எல்லாமே என்று சொன்னால், அந்த சீசனின் கோப்பில் இருக்கும் ஒரு கையெழுத்துக்கும் மதிப்பில்லை. கோப்பு முழுக்க என் எழுத்து.

"எல்லாமே அப்படித்தான்," என்றேன்.

அதிகாரி ரிப்போர்ட்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அந்த அம்மா, "என்னிடம் சொன்னதை இவரிடமும் சொல்லுங்கள்," என்றார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் சொல்லும்போது யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. தமிழில் அப்படித் தப்பிக்க முடியவில்லை. "மஞ்சுளா, நீ வால்வ தெறந்து விட்டேன்னு அர்த்தம் வர்ற மாதிரி நான்தான் எழுதிட்டேன்," என்றேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அன்னைக்கி நோட்டீசு படிச்சீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியுங்களா மேடம்?"

"தெரியும்."

அவர் ரிப்போர்ட்டில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மஞ்சுளா மேல் இருந்த நடவடிக்கையைக் கைவிட்டார்கள். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். அந்த வருஷம் எனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை, அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். சீசனின் ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து, கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார்கள். பதினைந்து நாள் அதே வேலை. இன்னும் இரண்டு பேர், "நான் அப்புடிச் சொல்லலீங்களே" என்றார்கள். வால்வைத் திறந்து வைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. திருத்திய ரிப்போர்ட்டில் "தெரியவில்லை" என்றே எழுதினேன்.

ஆனால் பட்டியல் அதற்குள் அவர் பெயர் இல்லாமலே முடிவாகிப் போய்விட்டது. சீசன் முடிந்ததும் மஞ்சுளா மறுபடியும் பெங்களூருக்கு பஸ் ஏறினார். அந்தப் பிள்ளை அந்த வருஷமும் தங்கச்சி வீட்டில்தான் இருந்தது. மறு வருஷம் நிரந்தரமானார் என்பது உங்களுக்குத் தெரியும். நடுவில் போன அந்த ஒரு வருஷத்தை நான் எப்படித் திருத்தி எழுதுவது? என்ன எழுதினாலும் அது திரும்பி வராது.

என் மேஜைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறதே, அது வந்தது அப்போதுதான். சொல்ல வருகிறவர்கள் நின்றுகொண்டு சொல்லக் கூடாது, உட்கார்ந்து சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் நாம் அதைத் தமிழில் படிக்க வேண்டும். தமிழில் படித்தால் தப்பு உடனே தெரிந்துவிடும். அவர்கள் கேட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால் இன்னொரு தடவை படியுங்கள். ஒரு வாக்கியம் கட்டத்துக்குள் அடங்காவிட்டால் கட்டத்துக்கு வெளியே எழுதுங்கள், மும்பையில் யாரும் செத்துப்போகமாட்டார்கள். இப்போது உங்கள் போனே ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கிறது. கொடுக்கட்டும். என்னைவிட அழகாகவே எழுதுகிறது. ஆனால் அன்று காலை ஆறு மணிக்கு அந்தத் தொட்டிப் பக்கம் யார் நின்றார்கள் என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

மறு சீசனில் மஞ்சுளா ஒரு ரிப்போர்ட்டுக்காக வந்தபோது பழக்க தோஷத்தில் பேனாவை நீட்டிவிட்டேன். அவர் வாங்கவில்லை. "படிங்க மேடம், கேட்டுட்டுப் போடறேனுங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் அதற்குப் பிறகு என்னிடம் சொன்னதே இல்லை. ஒவ்வொரு தடவையும் கடைசி வரிவரை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

நான் ஓய்வு பெற்ற அன்று நீங்களெல்லாம் மாலையும் கேக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தீர்கள். நான் அறையில் தனியாக உட்கார்ந்து ஆபீஸ் கொடுத்த காகிதங்களில் கையெழுத்துப் போடத் தொடங்கினேன். நாலைந்து பக்கம், எல்லாம் ஆங்கிலம். மஞ்சுளா என்னைக் கூப்பிட வந்தார். வாசலில் நின்று பார்த்தார்.

"படிச்சீங்களா மேடம்?"

"நம்ம ஆபீஸ் பேப்பர்தான மஞ்சுளா. சரியாத்தான் இருக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் உள்ளே வந்து, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"படிங்க. நானும் கேக்கறேனுங்க."

வெளியே நீங்கள் கேக்கோடு காத்திருந்தீர்கள், இவ்வளவு நேரம் என்ன செய்கிறார்கள் என்று உங்களில் யாரோ ஒருவர் கதவைத் தட்டிக்கூடப் பார்த்தார். நான் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிவரை கேட்டார்.

"சரியா இருக்குதுங்க மேடம்," என்றார். "இப்பப் போடுங்க."